ஆடு, குரல் மட்டும்

பல்லு தெரிய வேண்டாம் என்று ஸ்டில்ஸ் தாமஸ் சொன்னதுதான் ஜெசிந்தாவுக்கு இடித்தது. மற்றதை எல்லாம் விட்டுவிடலாம். காலையில் செட்டுக்குள் கால் வைத்ததுமே அவளைத் தனியாகக் கூப்பிட்டான், மூலையில் தொங்கிய நீலத் துணிக்கு முன்னால் நிறுத்தினான், நேரா பாரும்மா, தோளை இறக்கு, லேசா சிரி, பல்லு தெரிய வேணாம், அவ்ளோதான் போ என்று அனுப்பிவிட்டான். தாமஸ் அப்படி எடுக்கிற ஆளே இல்லை. ஓடு, குதி, துடைப்பத்தைத் தூக்கு, கத்து என்று உயிரை எடுத்துவிட்டுத்தான் போட்டோ எடுப்பான். லேசாகச் சிரித்துக்கொண்டு நேராகப் பார்க்கிற போட்டோ எதற்கு? பஸ் பாஸுக்கா? சுவரில் மாட்டத்தான். மாட்டி, மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தத்தான். வேறு எதற்கு. சாப்பாட்டு பிரேக் விட்டிருந்தார்கள். எல்லாரும் வெளியே பந்தலுக்கு அடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள், சாம்பார் வாளியைத் தரையில் இழுக்கிற சத்தம் உள்ளே வரை கேட்டது, ஜெசிந்தா மட்டும் கப்பலுக்குள் கீழ்ப்படுக்கையில் மல்லாந்து கிடந்தாள். கப்பல் என்றால் கப்பல் இல்லை, பிளைவுட். தண்ணீர் பாட்டில் மூடிகளை வரிசையாக ஒட்டிச் சாம்பல் பெயின்ட் அடித்துவிட்டால் டிவியில் அது இரும்பு ஆணி. வட்டமான ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல் இல்லை, ஜெனரேட்டர் வண்டி. கப்பலை ஆட்ட முடியாது என்பதால் ஆட்களைத்தான் ஆட்டினார்கள். அசோசியேட் லோகு கேமராவுக்குப் பக்கத்தில் நின்று இடது, நடு, வலது, நடு என்று சொல்லச் சொல்ல எல்லாரும் ஒரே பக்கமாகச் சாயவேண்டும். முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அவர் விசைப்படகில் போகிறவர். இன்னாடி, கப்பல் முழுக்கக் குடிகாரனுங்களா, எவனும் நேரா நிக்கமாட்டேன்றான் என்றார். இப்போது யாரும் இடது வலது சொல்லவில்லை, ஆனாலும் படுக்கை ஆடுகிற மாதிரி இருந்தது. காலையிலிருந்து எல்லாமே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

சீரியலில் சாவு எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். யாரும் வந்து சொல்லமாட்டார்கள். பக்கத்து ஃப்ளோரில் நடக்கிற குடும்ப சீரியலில் மாமியாராக நடித்த ஓர் அம்மா, இதே தாமஸ்தான் எடுத்தான், ஏதோ பத்திரிகைக்காம் என்று பவுடர் போட்டுக்கொண்டு போய் நின்று பல்லு தெரியாமல் சிரித்தார்கள். அந்த வாரமே அவர்கள் போட்டோ சுவரில் ஏறிவிட்டது. செட்டுக்குள் வந்து தன் போட்டோவுக்குத் தொங்கிய சந்தன மாலையைப் பார்த்துத்தான் அந்த அம்மாவுக்கே தான் செத்துப்போனது தெரிந்தது. வெளியே நடைபாதையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒரு மருமகள்கூடப் பக்கத்தில் போகவில்லை. செத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி சுற்றிப் போனார்கள். ஜெசிந்தாவும்தான் சுற்றிப் போனாள். இன்றைக்கு யார் யார் தன்னைச் சுற்றிப் போகிறார்கள் என்று காலையிலிருந்து பார்த்தாள். யாரும் போகவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. எல்லாரும் கிட்ட வந்தார்கள். எந்த நாளும் ஏய் என்றுதான் கூப்பிடுகிற டைரக்டர் இன்றைக்கு, டிபன் சாப்ட்டியாம்மா என்றார். அம்மாவா? என்றைக்கிலிருந்து அம்மா? வசனத்தாள் கேட்டபோது லோகு கையிலிருந்ததை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, இன்னிக்கு உனக்கு டயலாக் கம்மிதான், சும்மா வந்து நில்லு, நான் பின்னாடிலேர்ந்து சொல்லித்தர்றேன் என்றான். செத்தவளுக்கு எதற்கு டயலாக், சரிதானே. மேக்கப் அறையில் ஒரு மக்கில் ரத்தம் கலக்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்குண்ணே என்று கேட்டாள். தெரியலம்மா, ஒரு மக்கு கேட்டாங்க என்றார் மேக்கப்காரர், கரண்டியால் கலக்கிக்கொண்டே, என்னமோ பாயசம் கலக்குகிற மாதிரி. ஒரு மக்கு. ஜெசிந்தா ஒல்லி. அவளுக்கு ஒரு மக்கு தாராளம்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் அவள் பக்கம்தான் வந்து நின்றது. இவர்கள் சீரியலாக எடுக்கிற பழைய படத்திலேயே இந்தக் கோளாறு இருந்தது. போருக்குப் போகாத கப்பல் என்று கறுப்பு வெள்ளைப் படம், அப்பா காலத்து ஆட்களுக்கெல்லாம் மனப்பாடம். அவளும் செல்லில் பார்த்தாள், நடுவில் போர் அடித்தது, கடைசியில் அழுதாள், யாரிடமும் சொல்லவில்லை. உலகப்போர் நேரம். எல்லாக் கப்பலும் சண்டைக்குப் போக, ஒரு கப்பல் மட்டும் வெங்காயமும் சோப்பும் ஏற்றிக்கொண்டு குண்டே விழாத துறைமுகத்துக்கும் இன்னொரு குண்டே விழாத துறைமுகத்துக்கும் நடுவில் போய்ப்போய் வரும். அதில் ஒரு கிறுக்குக் கேப்டன். பாலுக்காக ஓர் ஆடு வளர்ப்பான், போகிறவன் வருகிறவன் எல்லாம் அந்த ஆட்டுக்குச் சல்யூட் அடிக்கவேண்டும். சண்டைக்குப் போகத் துடிக்கிற லெப்டினென்ட் ஒருத்தன், அவன்தான் ஹீரோ, எல்லாருக்கும் பிடித்தவன். கடைசியில் எப்படியோ மாற்றல் வாங்கிப் போர்க்கப்பலுக்குப் போவான், போன வேகத்தில் செத்துப்போவான். செய்தி ஒயர்லெஸ்ஸில் வரும். அன்றைக்கு ராத்திரி கப்பல் சமையல்காரன், அந்தக் காலத்துக் கப்பலில் பண்டாரி என்பார்கள், கேப்டனுடைய ஆட்டை அடித்துக் குழம்பு வைத்துவிடுவான். எல்லாரும் அழுதுகொண்டே சாப்பிடுவார்கள். கேப்டனும் வந்து ஒரு தட்டை நீட்டுவான். அங்கேதான் ஜெசிந்தா அழுதாள். சரி. இப்போது இதை டிவியில் சீரியலாக எடுத்தால் லெப்டினென்ட் சாக முடியுமா? முடியாது. அவருக்கு மன்றம் இருக்கிறது, அவர் முகத்தைப் போட்டுத்தான் சேனலே பஸ் பின்னாடி விளம்பரம் ஒட்டியிருக்கிறது. அவர் செத்தால் சீரியல் செத்தது. ஆனால் கதைக்கு ஒரு சாவு வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த கதை, சாவு இல்லாமல் முடியாது. அப்படியானால் யார்? கேப்டன் செத்தால் யாரும் அழமாட்டார்கள். ஆடு சாக முடியாது, ஏனென்றால் ஆடே இல்லை. நிஜ ஆட்டை நடிக்கவைக்க ஆயிரத்தெட்டுச் சர்டிபிகேட் கேட்கிறார்கள் என்று டைரக்டர் ஆட்டை ஒரு கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். கதவுக்குச் சல்யூட் அடிப்பார்கள், உள்ளேயிருந்து ம்மே என்று வரும். வசனத்தாளில் எப்போதும் அப்படித்தான் போட்டிருக்கும்: ஆடு, குரல் மட்டும். மிச்சம் இருப்பது இரண்டே பேர். ஒன்று பண்டாரி. இன்னொன்று சிட்டு. சிட்டு ஜெசிந்தா. பழைய படத்தில் சிட்டு ஒரு பொடிப் பையன், பாத்திரம் கழுவுகிறவன். சீரியலில் பெண்கள் பார்க்கவேண்டும் என்று சிட்டுவைப் பையன் வேஷத்தில் ஒளிந்திருக்கிற பெண்ணாக்கிவிட்டார்கள். சடையைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு திரிகிறாள், பண்டாரிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். இப்படி ஓர் அநாதைப் பெண்ணைக் கொண்டுவந்து கப்பலில் விட்டால் பின்னே என்ன, சாகடிக்கத்தான். செத்துக்கிடக்கும்போது தொப்பி விழும், சடை அவிழும், ஆ பெண்ணா என்று கப்பலே அதிரும், தொடரும். ஜெசிந்தா டைரக்டராக இருந்தால் அவளும் இதைத்தான் எடுப்பாள். அதுதான் பயமாக இருந்தது.

பண்டாரியாக நடிக்கிற வைரக்கண்ணு அண்ணன் மேல்தான் எல்லாம் போய் முட்டியது. மதுரைப் பக்கம் நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர், பெரிய வயிறு, அப்பாவைவிட வயது ஆனாலும் செட்டில் எல்லாருக்கும் அண்ணன். ஆட்டுக்குக் குரலும் அவர்தான். மூக்கால் கத்துவார். பசித்த ஆடு ஒரு மாதிரி, குட்டியைத் தேடுகிற ஆடு ஒரு மாதிரி, கேப்டனைக் கண்ட ஆடு வேறு மாதிரி. லைட் மாற்றுகிற நேரமெல்லாம் ஜெசிந்தாவும் கத்திக் கத்திப் பார்ப்பாள், குட்டியைத் தேடுகிறது மட்டும் வந்துவிட்டது. செட்டில் எதற்கெடுத்தாலும் மஞ்சத்தண்ணி என்று சிரிப்பதும் அவர் கொண்டுவந்த பழக்கம்தான். அவங்க ஊர்க் கோயிலில் ஆட்டை வெட்டுவதற்கு முன்னால் மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்களாம். குளிரில் ஆடு தலையைச் சிலுப்பும். சம்மதம் குடுத்துருச்சு, வெட்டு என்பார்களாம். ஹீரோவிடம் ஞாயிற்றுக்கிழமையும் வர முடியுமா சார் என்று டைரக்டர் குழைவார், ஹீரோ யோசித்துவிட்டுத் தலையாட்டுவார், உடனே வைரக்கண்ணு அண்ணன் ஜெசிந்தா காதில், ஆத்தாடி, தெளிச்சாச்சு, சிலுப்பிருச்சு என்பார். அவளுக்குச் சிரிப்பு அடங்காது. காலையில் தாமஸ் லேசா சிரி என்றபோது அவளும் தலையாட்டினாள். ஆட்டித் தொலைத்தாள். இன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அந்த மனுஷன் தன் தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். மீனை விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்? கேட்டரிங்காரனிடம் வால் துண்டுக்காகச் சண்டை போட்டவர். "ஏத்தா, சாப்புடுறியா, கோழி கிண்டுற மாதிரி கிண்டுறியா?" என்றார். "பசிக்கலண்ணே." "மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? வெட்டப்போற ஆடுகூட ஒன்னையவிட லட்சணமா நிக்கும்டி." "ஆட்டை யாரும் காலைல நீலத் துணி முன்னாடி நிக்கவெச்சு போட்டோ புடிக்கலையே" என்று கேட்டுவிட்டாள். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. நின்றதைப் பார்த்தாள். "போட்டோவா? என்ன போட்டோ? எனக்கென்ன தெரியும் போட்டோவப் பத்தி" என்றார், மூன்று தடவை போட்டோ என்று. இத்தனை வருஷம் மேடையில் நடித்தவருக்குத் தெரியாத மாதிரி நடிக்க வரவில்லை. அவள் எழுந்துவிட்டாள். மீன் அப்படியே கிடந்தது.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. காலை டீ நேரத்திலேயே டைரக்டர் அறைப் பக்கம் போயிருந்தாள், பிளைவுட் சுவர், உள்ளே யார் கொட்டாவி விட்டாலும் வெளியே கேட்கும். வைரக்கண்ணு அண்ணன் குரல் கேட்டது. மெதுவாக, அவர் குரலே இல்லாத மாதிரி. அந்தப் புள்ளைக்குத் தெரியவேணாம் சார் என்றார். ஷாட்டு வரைக்கும் தெரியவேணாம். டைரக்டர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. பிறகு இவர் சிரித்தார். சிரித்தாரா, இருமினாரா? இருமல் மாதிரியும் இருந்தது. படுக்கையில் கிடந்தபடி ஜெசிந்தா அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சிரிப்புத்தான். இரண்டு பேரில் ஒருத்தர் சாகவேண்டும் என்றால் பெரிய மனுஷன் என்ன செய்வார்? முதலில் போய்ப் பேசிவிடுவார். சின்னப் புள்ளைதானே சார், வேற எங்கயாச்சும் பொழச்சுக்கும் என்பார். பேசிவிட்டு வந்து மீன் வைப்பார். வைத்த மீனைச் சாப்பிட்டிருந்தால் அதுவும் தலையாட்டினது மாதிரிதான். போன வாரம் மழையில் அவளை பஸ் ஸ்டாப் வரை குடையில் கொண்டுபோய் விட்டாரே, அப்போதே முடிவாகிவிட்டதா? அவர் தோள் முழுக்க நனைந்திருந்தது. அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்ததால்தான் நனைந்தாரோ. ஒருத்தர் நல்லது செய்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் கெட்டதாகிவிடுகிறது, தோசை மாதிரி, ஒரு பக்கம் கருகித்தான் இருக்கிறது. ஏன் எனக்கு இப்படி எல்லாம் தோன்றுகிறது என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, தோன்றாமல் இருந்தால் அந்த மாமியார் அம்மா மாதிரி மாலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நினைத்தாள்.

மாலையைவிட கேட்டை நினைத்துத்தான் பயம். ஸ்கூல் கேட். பதினொன்றாவது பாதியில் விட்டுவிட்டு வந்தபோது, கஷ்டம், அது இது என்றெல்லாம் அவள் கதை விடவில்லை. பிடிக்கலை சிஸ்டர், உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போவுது என்றாள். உண்மையும் அதுதான். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, போ ஜெசிந்தா, சீக்கிரமே நீயே வந்து இந்தக் கேட்டுக்கு வெளிய நிப்பே, அப்ப நான் வாட்ச்மேனைத் திறக்கச் சொல்லணுமா வேண்டாமான்னு யோசிப்பேன் என்றார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. பிறகுதான் காசிமேட்டில் ஷூட்டிங் வந்தது. கப்பலின் வெளிப்பக்கம் காட்டவேண்டுமே, அதற்கு வந்து வழியை மறித்து ட்ராலி போட்டிருந்தார்கள். மீன் கூடையோடு நின்ற அம்மாவைப் போகவிடவில்லை. ஜெசிந்தா கத்தின கத்தில் அசோசியேட் லோகு பின்னால் போனான், டைரக்டர் முன்னால் வந்தார், இந்தக் கோபம் அப்படியே வேணும் என்றார். அம்மா இப்போது சாயங்காலம் ஆனால் தெருவையே கூட்டி வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறாள். உயிரோடு இருக்கிற பிள்ளை போட்டோவுக்கு மாலை போட்டதை அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அம்மா பார்ப்பாள். டிவியைத் தூக்கிக் கடலில் போடுவாள். போட்டுவிட்டு, சரி வா ஸ்கூலுக்கு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். கேட். கேட்டுக்கு வெளியே இரண்டு பேரும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிஸ்டர். வேண்டாம். மாதாவே, அது மட்டும் வேண்டாம். வேறு என்ன தெரியும் அவளுக்கு? கத்தத் தெரியும். சாயத் தெரியும், இடது, நடு, வலது. எந்தக் கடையில் அதற்கு வேலை?

பொணமாக நடிப்பதுகூடக் கஷ்டமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டால் போதும். அதற்கப்புறம் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் அவளால் நினைக்க முடியவில்லை. செத்த மாதிரி நடித்தவர்கள் அப்படியே எழுந்து போகக்கூடாது. கட் சொல்லமாட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், பொணம் கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். சிரித்தால்தான் தோஷம் கழியும், சிரிக்காமல் எழுந்தால் நிஜத்திலேயே ஏதாவது ஆகிவிடும் என்பார்கள். நல்லா சிரிங்க, பல்லு தெரிய, என்பார்கள். அங்கே பல்லு தெரியவேண்டும். காலையில் தெரியக்கூடாது, சாயங்காலம் தெரியவேண்டும். வேலையையும் பிடுங்கிவிட்டுச் சிரிக்கவும் சொல்வார்கள். மாட்டேன் என்றால் திமிர் என்பார்கள். வெளியே கை கழுவுகிற சத்தம் கேட்டது. யாரோ ஏப்பம் விட்டார்கள். பிரேக் முடியப்போகிறது. அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது, வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, ரொம்ப நேரமாக மூலையில் உட்கார்ந்திருந்தது, இப்போது எழுந்து நின்றது. வைரக்கண்ணு அண்ணன் போனில் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். வேறு சேனலில் ஒரு காமெடி நிகழ்ச்சி, கூப்பிடுறாங்க, பாக்கணும் என்றார். போகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் போகமாட்டேன் என்றும் சொல்லவில்லையே. இதை லோகு காதில் போட்டால் போதும். அண்ணன் வேற சேனல்ல பேசி முடிச்சுட்டாருண்ணே, திடீர்னு ஒருநாள் வரமாட்டாரு, உங்களுக்குத்தான் கஷ்டம். அவ்வளவுதான். அரை மணியில் டைரக்டருக்குப் போய்விடும். ஓடப்போகிற ஆளைக் காப்பாற்றி, இருக்கிற ஆளையா கொல்வார்கள்? கதையை மாற்றிவிடுவார்கள். சீரியலில் மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும். அவர் முதலில் செய்தார், நான் இரண்டாவது செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். காலைத் தொங்கப்போட்டு எழுந்தாள். தரை ஆடவில்லை. அவள்தான் ஆடினாள்.

லோகு செட்டுக்குப் பின்னால், துணி தொங்குகிற சந்தில் நின்றுகொண்டிருந்தான். முதுகு காட்டிக்கொண்டு எதையோ செய்துகொண்டிருந்தான். "லோகு அண்ணே" என்றாள், "வைரக்கண்ணு அண்ணன் இல்ல..." அவன் திரும்பினான். கை முழுக்கச் சிவப்பு. அவனுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சட்டை தொங்கியது. வெள்ளைச் சட்டை, பெரியது, இரண்டு ஜெசிந்தா நுழையலாம், வயிற்றுப் பக்கம் மஞ்சள் கறை. நெஞ்சில் ஓட்டை போட்டு ஓட்டையைச் சுற்றி ரத்தம் தடவியிருந்தார்கள். பண்டாரியின் சட்டை. "சே, உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றான் லோகு. "அந்த மனுஷன்தான் சொல்லாதே சொல்லாதேன்னாரு. போன வாரமே முடிவாயிடுச்சும்மா. லெப்டினென்ட்டைச் சுடவர்றானுங்க, பண்டாரி குறுக்க விழுந்துடறாரு. அவருகிட்ட சார் பேசினாரு, தலையாட்டிட்டாரு. நீ சின்னப் புள்ள, முன்னாடியே தெரிஞ்சா நாள் பூரா அழுதுட்டிருப்பே, ஷாட்டு வரைக்கும் விடுங்கன்னாரு." சொல்லிக்கொண்டே அவன் இடது கையிலிருந்த எதையோ மக்கில் தோய்த்தான். ஒரு மூலையை மட்டும். போட்டோ. நீலத் துணி, இறக்கிய தோள், பல்லு தெரியாத சிரிப்பு. மூலையில் ரத்தம் ஏறி ஜெசிந்தாவின் காது வரை வந்து நின்றது. "செத்தப்புறம் பாக்கெட்லேர்ந்து போட்டோ எடுக்கிற மாதிரி சீன். ஏதோ ஒரு குழந்தை போட்டோ ரெடியா வெச்சிருந்தோம். அவருதான், எவ புள்ளையோ எதுக்கு, எங்க சிட்டு போட்டோவ வைங்கன்னு சார்கிட்ட நின்னாரு" என்று சொல்லி, போட்டோவை உதறி, சட்டைப் பாக்கெட்டில் செருகினான். "ஆமா, நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லண்ணே."

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க முடியாது. அப்பாடா என்று உடம்பு முழுக்க இறங்கியது, கேட் சாத்திக்கொண்டது, சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது, ஒவ்வொன்றாக, மீன், குடை, இருமல். அது இருமல்தான். சொல்லவில்லையே, வாயிலிருந்து வரவில்லையே என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆனால் லோகு திரும்ப இன்னும் கொஞ்சம் நேரம் ஆகியிருந்தால் சொல்லியிருப்பாள். முழுசாகச் சொல்லியிருப்பாள், இரண்டு வார்த்தை கூடச் சேர்த்து. அவள் முகத்தை அவர் ஏற்கெனவே தன் நெஞ்சுப் பாக்கெட்டுக்குக் கேட்டு வாங்கியிருந்தார், அவள் அவரை விற்க நடந்துபோனாள். செட்டுக்குள் வந்தபோது வைரக்கண்ணு அண்ணன் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் படுத்திருந்தார். மேக்கப்காரர் அவர் நெற்றியில் ரத்தம் வழியவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "என்னத்தா, லோகுகிட்ட அவசரமா என்னமோ பேசப் போனியாமே?" "தண்ணி கேக்கப் போனேன்." "கெடச்சுச்சா?" "ம்." கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரியுமா? லோகு ஏதாவது உளறினானா? வைரக்கண்ணு அண்ணன் இல்ல என்று அவள் ஆரம்பித்த அந்தப் பாதி வாக்கியத்தை வைத்து மீதியைக் கண்டுபிடித்துவிடுவாரா? கெடச்சுச்சா என்று கேட்டாரே, அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வியா? மூடின இமைக்குள் கருவிழி நகர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாட் ரெடி என்றார்கள். இடது, நடு, வலது என்று லோகு ஆரம்பித்தான், எல்லாரும் சாய்ந்தார்கள், சுட்ட சத்தத்துக்குப் பதிலாக யாரோ தகரத்தைத் தட்டினார்கள், ஜெசிந்தா ஓடிவந்து விழுந்து பாக்கெட்டுக்குள் கைவிட்டாள். தன் முகத்தைத் தானே எடுத்தாள். போட்டோவில் இருக்கிற பெண் ஒன்றும் தெரியாதவள் மாதிரி லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வந்தது. எதற்கு வந்தது என்று கேமராவுக்குத் தெரியாது. டைரக்டர், "ஏய்! பிரமாதம்!" என்று கத்தினார். மறுபடி ஏய் ஆகிவிட்டாள். பிழைத்துவிட்டாள்.

"ரோலிங்லயே இருக்கட்டும்" என்றார் டைரக்டர். "அண்ணே, கண்ணத் தொறந்து கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு. நல்லா." ஜெசிந்தாவைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள், கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வைரக்கண்ணு அண்ணன் கண்ணைத் திறந்தார். கேமராவைப் பார்த்தார். உதட்டை இழுத்தார். வரவில்லை. ஃப்ளோர் முழுக்க அவரைப் பார்த்தது. காலையிலிருந்து ராத்திரிவரை எல்லாரையும் சிரிக்கவைக்கிற மனுஷன், சிரி என்றால் அந்த உதடு ஏதோ பாரத்தைத் தூக்குகிற மாதிரி கோணிக்கொண்டு நின்றது. யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். "சும்மா சிரிங்கண்ணே, சாங்கியம்தானே" என்றான் லோகு. இன்னொரு தரம் முயன்றார். கன்னம் துடித்தது. கண்ணோரம் பளபளத்தது, அது ரத்தத்தண்ணி இல்லை. டைரக்டர் தலையைக் குனிந்து மானிட்டரைப் பார்க்கிற மாதிரி இருந்தார். ஓடிக்கொண்டே இருந்தது கேமரா. சிரிக்காமல் எழுந்தால் ஏதாவது ஆகிவிடும். ஜெசிந்தாவுக்கு அந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது, ஆனாலும் அவரை அப்படி எழவிட முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மூக்கைச் சுருக்கினாள். ம்மே என்றாள். சத்தமாக, குட்டியைத் தேடுகிற மாதிரி. எல்லாரும் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, தரையில் கிடந்தபடியே, மெதுவாகத் தலையைச் சிலுப்பினார். முடியிலிருந்து ரத்தத்தண்ணி நாலா பக்கமும் தெறித்தது, மேக்கப்காரர் துள்ளி விலகினார், யாரோ ஐயோ லென்ஸ் என்றார்கள், அவர் சிரித்தார். பல்லு தெரிய, வயிறு குலுங்க, அந்தச் சட்டை ஓட்டை மேலும் கீழும் போய்வர. ஃப்ளோரே சிரித்தது. ஜெசிந்தா சிரிக்கவில்லை. நிஜமாகச் சிரிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் தெரியாத மாதிரி நடிக்க வராதவர். ஆனால் சிரிப்பு வேறு. சிரிப்பை அவர் எப்படி வேண்டுமானாலும் செய்வார். அவரும் அவளைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கட்!" என்றார் டைரக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏய், நல்லா கத்தறியே. இனிமே ஆடு யாருன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். நாளைலேர்ந்து ஆட்டுக்கு நீயே குரல் குடுத்துடு. சரியா?"

தரையில் வைரக்கண்ணு அண்ணன் அந்த ஓட்டைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் தலை ஆடிவிட்டது.